சென்னையில் மகளிர் சிறுதொழிற் கடன் இயக்கம்

சென்னை மாநகரில் சிறு வாணிபம் செய்து ஜீவிக்கும் ஏழைப் பெண்களுக்குக் குறைந்த வட்டியில் முதல் கிடைக்கச் செய்த கூட்டு முயற்சி. 1978-ஆம் ஆண்டில் ஜெயா அருணாசலம் அம்மையார் நிறுவிய வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரம் என்னும் ஸ்தாபனத்தால் இது உருப்பெற்றது.

இப்பெண்கள் வியாபாரம் கற்பிக்கப்பட வேண்டியவர்கள் அல்லர். விடியுமுன் காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாகக் கூவி விற்றவர்களும், கொத்தவால் சாவடியில் காய்கறி வாங்கி நடைபாதையில் கூறு கட்டியவர்களும், வாசலிலேயே அடுப்பு மூட்டி இட்லி விற்றவர்களும், உதிரிப்பூவைத் தொடுத்து முழம் போட்டவர்களும் கொள்முதல், விலை, லாப நஷ்டம் யாவும் நன்கறிந்தே இருந்தனர். கைமுதல் ஒன்றுதான் அவர்களிடம் இல்லை. தண்டல்காரரிடம் போனால், அவர் நூறு ரூபாய்க்குரிய வட்டியை முன்னதாகவே பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்து, முழு நூறையும் நாள்தோறும் வசூலித்துவிடுவாராதலால், பகலெல்லாம் வெயிலில் நின்று ஈட்டிய லாபம் அவர் பெட்டிக்கே போய்ச் சேர்ந்தது.

1969-இல் பெரிய வங்கிகள் தேசியமயமாயின. 1972-இல் ஏழைகளுக்கு 4 சதவீத வட்டியில் கடன் தரும் திட்டமும் வந்தது. ஆயினும், ஈடு காட்டச் சொத்தோ, ஜாமீன் நிற்க ஆளோ, கையெழுத்திடப் பயிற்சியோ இல்லாத பெண்ணுக்கு அது ஏட்டளவிலேயே நின்றது.

காங்கிரஸ் கட்சியில் பணியாற்றிய ஜெயா அம்மையார் அரசியலை விட்டு விலகி, சுமார் 800 பெண்களோடு இவ்வியக்கத்தைத் தொடங்கினார். ஒரே பேட்டையில் வசிக்கும் பெண்கள், ஜாதி மத பேதமின்றிச் சிறு குழுவாகக் கூடித் தங்களுள் ஒருத்தியைத் தலைவியாக்கி, வங்கிக் கடனுக்கு ஒருவருக்கொருவர் ஜாமீனாயினர். ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்களுடைய அடுத்த கடனுக்கும் பங்கம் நேருமாகையால், கடன் கேட்பவளின் நாணயத்தை எந்த வங்கி அதிகாரியைக் காட்டிலும் நுட்பமாக அவளுடைய அண்டை வீட்டுக்காரிகளே சீர்தூக்கினர். இவ்வியக்கத்தின் தலையாய சாதனை இதுவே என்பதில் ஐயமில்லை. வங்கிகளை அரசுடைமையாக்கியதால் மட்டும் திறவாத கதவு இதனால் திறந்தது.

எனினும், வங்கிகளில் ஏற்பட்ட காலதாமதமும், வியாபார வேளையிலேயே அங்கே காத்திருக்க நேர்ந்த சிரமமும் நீங்கவில்லை. ஆகவே 1981-இல் இப்பெண்கள் தமக்கென ஒரு கூட்டுறவுச் சங்கத்தை ஏற்படுத்திக்கொண்டனர்; அது பின்னர் ஆந்திரம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களிலும் பரவிற்று. ஜெயா அம்மையாருக்கு 1987-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. அவர் 2019-இல் காலமானார்.

இதனிடையே மாநில அரசும் 1983-இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தை அமைத்தது. 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய சுயஉதவிக் குழுத் திட்டம் பிற்காலத்தில் மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் விரிந்தது.

கூடை வியாபாரத்துக்குப் போதுமான கடனைக் குழு ஜாமீன் எளிதாக்கியது மெய்யே. ஆனால் கூடையை விட்டுக் கடை வைக்க விரும்புபவளுக்கு முன்பணமும், வாடகைக்கு இடமும், உரிமமும், குழுவின் சக்திக்கு மிஞ்சிய பெருந்தொகையும் தேவைப்படுவதால், அந்தப் படியை இன்றளவும் மிகச் சிலரே ஏறியுள்ளனர்.