மாதவிடாய் நிற்கும் காலம்: சகோதரிகள் அறிய வேண்டியவை

நாற்பதைத் தாண்டிய சகோதரிகள் பலர் நம்மிடம் ஒரே மஸ்அலாவோடு வருகிறார்கள். நேரில் கேட்க வெட்கப்பட்டு மகனைப் பேசச் சொல்பவர்களும் உண்டு. "ஹஜ்ரத், இருபது நாளா உம்மாவுக்கு நிக்கலையாம், தொழலாமா?" அந்த இருபது நாளும் தொழுகையை விட்டபின்தான் கேள்வியே வரும்.

மாதவிடாய் ஒரே நாளில் நிற்பதில்லை. சினைப்பையின் வேலை குறையும்போது ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்குகிறது. சில மாதம் வராது, சில மாதம் இருமுறை வரும். பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள் நிற்கும். தொடர்ந்து 12 மாதம் வராதிருந்தால்தான் நின்றதாகக் கணக்கு. அதுவரை கரு தரிக்கவும் வாய்ப்புண்டு.

ஹைளின் உச்ச அளவு ஹனஃபி மத்ஹபில் 10 நாள், ஷாஃபியில் 15 நாள். ஹனஃபியில் பத்தைத் தாண்டினால் அவரது வழக்கமான நாட்களே ஹைளு, மீதி இஸ்திஹாளா. ஷாஃபியில் பதினைந்தைத் தாண்டினால் இரத்தத்தின் நிறமும் தன்மையும் பார்க்கப்படும். ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) இதைக் கேட்டபோது, அது நரம்பிலிருந்து வருவது, ஹைளு அல்ல என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். ஆகவே ஹைளு முடிந்ததும் குளித்துவிட்டு, பின் ஒவ்வொரு வக்துக்கும் சுத்தம் செய்து, துணி கட்டி, உளூச் செய்து தொழ வேண்டும். நோன்பும் உண்டு. இஸ்திஹாளா நாட்களில் விட்ட தொழுகைகளைக் களாச் செய்தாக வேண்டும். தேதிகளை ஒரு நாட்காட்டியில் குறித்து வைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

திடீரென உடல் காந்துவது, நள்ளிரவில் வியர்த்து விழிப்பது, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் இதன் அறிகுறிகளே. "கண்ணூறு பட்டிருக்கும், ஓதிப் பாருங்க" என்று அழைத்து வருகிறார்கள். ஓதிவிட்டு மருத்துவரிடமும் அனுப்புகிறோம். கணவர்மார் இந்தச் சிடுசிடுப்பைக் குணக்கேடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எலும்பு தேயும் பருவமும் இதுவே என்பதால் நடைப்பயிற்சி, கேழ்வரகு, பால், எள் நல்லது.

அடியோடு நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி பட்டாலும் தாமதிக்கக் கூடாது. கருப்பைப் புற்றுநோயின் அடையாளமாக அது இருக்கக்கூடும். பெண் மருத்துவர் கிடைக்கவில்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். தேவைக்கு ஆண் மருத்துவரிடம் காட்ட மார்க்கத்தில் அனுமதி உண்டு.

தலாக் இத்தா விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மாதவிடாய் அற்றுப்போனவருக்கு மூன்று மாதம் என்பது குர்ஆனின் சட்டம் (65:4). விட்டுவிட்டு வருபவருக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. தாமாக எண்ணாமல் ஆலிமிடம் கேளுங்கள்.