கூப்பன் அரிசியும் சீனி வருத்தமும்

என் உம்மா ஒலுவிலில் பிறந்தது 1953இல். நாற்பத்தேழு வயதில் அவவுக்குச் சீனி வருத்தம் என்று டொக்டர் சொன்னார். "நான் சீனி தின்ற ஆளா மகன்? சீனியைக் கண்டதே கூப்பன் கடையிலதான்" என்றா உம்மா. நியாயமான கேள்வி. காசு வந்தது, வருத்தமும் கூட வந்தது என்பதுதான் ஊரில் நாம் சொல்லிப் பழகிய விளக்கம். உம்மா விசயத்தில் அது சரிவரவில்லை. அவ பிறந்த வருடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1953 ஜூலையில் நிதியமைச்சர் ஜே.ஆர்.ஜயவர்தன சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம், கொத்து 25 சதமாக இருந்த கூப்பன் அரிசியை 70 சதமாக்கியது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் நிறுத்தியது. ஓகஸ்ட் 12 ஹர்த்தால் அதனால்தான் வெடித்தது; பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். நமது வரலாற்றுப் பாடம் அரிசி விலையை மறக்காது எழுதும். பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டை ஒரு வரியில் கடந்துவிடும்.

அதே 1953 செப்டம்பரில் பிரித்தானியாவில் சீனிப் பங்கீடு முடிவுக்கு வந்தது. கருவிலும் முதல் இரண்டு வயதிலும் பங்கீட்டுச் சீனியோடு வளர்ந்தவர்களை, அதற்குப் பின் பிறந்தவர்களோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 2024இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. முன்னவர்களுக்கு நீரிழிவு ஏறத்தாழ 35 வீதமும், உயர் இரத்த அழுத்தம் 20 வீதமும் குறைவு. இது சீனி கூடியதன் கதை.

நம்முடையது சோறு குறைந்ததன் கதை. உம்மா சொல்லுவா: வெள்ளாமை வெட்டின மாதங்களில் வயிறு நிறையச் சோறு, மற்ற நாளில் மரவள்ளி, குரக்கன் ரொட்டி, கொஞ்சம் மீன் ஆணம். சாப்பாட்டில் பிழையில்லை, அளவுதான் காணாது. பசித்துப் பிறந்த உடம்பு, கிடைப்பதைச் சேமிக்கப் பழகிவிடுகிறது. பிறகு தாராளமாகக் கிடைக்கும்போது அதற்குத் தாங்குவதில்லை. டேவிட் பார்க்கர் என்ற ஆங்கிலேய வைத்தியர் தொடக்கிவைத்த வாதம் இது. 1920களில் குழந்தைகள் அதிகம் இறந்த இங்கிலாந்துப் பகுதிகளிலேயே பிற்காலத்தில் இருதய நோய் மரணங்களும் அதிகம் என்று 1986இல் காட்டினார். புனேயில் ரஞ்சன் யாஜ்னிக் குழந்தைகளை நிறுத்துப் பார்த்தார். அங்கே சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்ஹம்டனில் 3.5. ஆனால் மெலிந்த அந்தப் பிள்ளைகளின் உடம்பில் எடைக்கு மிஞ்சிய கொழுப்பு இருந்தது. 'பிள்ளை மெலிவு, வருத்தம் வராது' என்று நாம் சொல்வது எவ்வளவு பிழை!

1973–74 தட்டுப்பாடு உம்மாவின் இரண்டாவது பசி. அரிசிப் பங்கீடு குறைந்தது, பாணுக்கு வரிசை நின்றது. 1973இல்தான் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் திரிபோஷாவும் தொடங்கியது. மூத்த ராத்தா 1974இல் பிறந்தா. அவவுக்கு முப்பத்தெட்டிலேயே சீனி. ஒரு வீட்டை வைத்து வரலாறு எழுதக் கூடாது, தெரியும். ஆனால் கிளினிக் வரிசையில் ராத்தாவின் வயதுக்காரர்களைக் காணும்போது இந்தக் கணக்கு மனதில் ஓடாமல் இருப்பதில்லை.

1980இல் திருகோணமலையில் பிரிமா ஆலை இயங்கத் தொடங்கியது. நம் மூத்தம்மாமார் 'அமெரிக்கன் மா' என்ற கோதுமை மா பாணாகவும் ரொட்டியாகவும் மூன்று வேளையும் வீட்டுக்குள் வந்தது, கூடவே சீனி போட்ட தேத்தண்ணி. 2016இல் இருந்து குளிர்பானப் போத்தலில் சிவப்பு வட்டம் இருக்கிறது, 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்பதற்கு. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதன் அர்த்தமும் தெரியும், ருசியும் தெரியும். நோன்பு திறக்கக் கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டுச் சர்பத்தைத் தேடுவது அவர்கள் மட்டுமில்லை, நானுந்தான்.

இப்போது ராத்தாவின் மகள் பிள்ளைத்தாய்ச்சி. நம் வீடுகளில் ஆம்பிளைகள் தின்று எழும்பிய பிறகுதான் பொம்பிளைகள் சட்டியைப் பார்ப்பார்கள். மீனின் நடுத்துண்டு எப்போதோ போயிருக்கும். போன வெள்ளி ஜும்ஆ முடிந்து வந்து நான் உட்கார, உம்மா என் பீங்கானில் வைத்த துண்டைத் திருப்பி எடுத்தா.

"இது அவளுக்கு. நீ ஆணத்தை ஊத்தித் தின்னு மகன்."