லயத்து வீடுகளில் வளர்ந்த சீனக் குழந்தைகள்

நம் ஜொகூர் மாநிலத்துப் பழைய தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாவுக்குச் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருக்கலாம். சேலை உடுத்தி, நெற்றியில் திருநீறும் குங்குமமும் துலங்க, தீச்சட்டி ஏந்தி வரும் மூதாட்டியின் முகம் சீன முகமாக இருக்கும். வாய் திறந்தால் வருவதோ அச்சான தோட்டத்துத் தமிழ். புதியவர் வியந்து நிற்பார். தோட்டத்தாருக்கோ அவர் வெறும் பாட்டி, அவ்வளவே. இத்தகைய பெண்கள் நம் வீடுகளுக்கு எவ்வாறு வந்தனர் என்பது மலாயாத் தமிழர் வரலாற்றில் அதிகம் எழுதப்படாத பகுதியாகும்.

ஏன் கொடுத்தார்கள்?

தென் சீனத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் பாடுபட்ட சீனருள் பலர் பரம ஏழைகள். குலப் பெயரைக் காப்பவன் மகன். மகள் பிறர் வீட்டுக்குப் போகிறவள் என்பது அவர்தம் மரபு. புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாதவள் என்ற நம்பிக்கையும் இருந்தது. 1938, 1950 ஆகியவை அத்தகைய ஆண்டுகள். எனவே வறுமை முற்றிய வீட்டில் முதலில் கைமாறியது பெண் குழந்தையே. இதைக் கொண்டு சீனரை இகழ நமக்கு உரிமையில்லை. மூல நட்சத்திரத்தில் பிறந்தாள் என்று பெண்ணை ஒதுக்கியவர் நம்மிலும் உண்டு அன்றோ?

கைமாறிய குழந்தைகள் எல்லாருக்கும் நல்வாழ்வு கிட்டியது என்று சொல்வதற்கில்லை. வாங்கிய சிறுமியரைக் கூலியில்லா வேலைக்காரிகளாக நடத்திய 'மூய் சாய்' வழக்கத்தை ஆராய 1936-ல் பிரிட்டிஷ் அரசு ஒரு விசாரணைக் குழுவையே அமைக்க நேர்ந்தது. தமிழர் வீடுகளிலும் கொடுமை அறவே இருந்ததில்லை என்று யாரும் சத்தியம் செய்ய இயலாது. ஆயினும் பெற்ற மகளாகவே வளர்ந்தவர்கள் மிகப் பலர்.

ஜப்பானியர் காலம்

1942 ஜனவரி 31-ல் ஜொகூர் பாரு வீழ்ந்தது. பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் சரணடைந்தது. அடுத்த வாரங்களில் ஜொகூர் பாரு, கோத்தா திங்கி, பத்து பகாட், மூவார் முதலிய வட்டாரங்களில் சீனர்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டனர். இந்த அச்சத்திலும் பஞ்சத்திலும் எத்தனையோ தாய்மார் தம் குழந்தைகளைத் தமிழர், மலாய்க்காரர் வீடுகளில் ஒப்படைத்தனர்.

வாங்கிக்கொண்டவர்கள் செழிப்பில் இருந்தார்களா? இல்லை. பால்மரம் சீவும் வேலை நின்று, அரிசி அருகி, மரவள்ளிக்கிழங்கே உணவாக இருந்த காலம் அது. 415 கிலோமீட்டர் நீளச் சயாம்-பர்மா ரயில் பாதைக்காக ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டனர்; பலர் திரும்பவில்லை. ஆண் துணையற்ற லயத்து வீட்டில், இருக்கும் கிழங்கை இன்னுமொரு வாய்க்குப் பங்கிட்ட பெண்ணின் செயலை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது?

மற்றொன்றும் நினைக்கத் தக்கது. அந்நாளில் பல தோட்டங்களில் லயங்களே சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்தன. அண்டை வீட்டுத் தமிழன் கையில் தண்ணீர் வாங்கத் தயங்கியவர்கள், மொழியும் சமயமும் வேறான குழந்தையை மடியில் கிடத்திச் சோறூட்டினர். சாதி இன்னதென்று சொல்ல முடியாத குழந்தை, சாதி பார்த்தவர் வீட்டிலேயே மகளாயிற்று! கொள்கை மாறும் முன்பே கை நீண்டுவிட்டது.

பாலத்துக்கு அப்பால்

இதே காலத்தில் இதே போன்ற ஒரு வளர்ப்பு, பாலத்துக்கு அப்பாலுள்ள சிங்கப்பூரில் பெருந்துயரில் முடிந்தது. 1937-ல் ஜாவாவில் பிறந்த டச்சுச் சிறுமி மரியா ஹெர்தோக், 1942-ன் இறுதியில் அமீனா என்னும் முஸ்லிம் மாதிடம் ஒப்படைக்கப்பட்டாள். அமீனா அவளைத் திரங்கானுவின் கெமாமானுக்குக் கொண்டுவந்து தம் மகளாக வளர்த்தார். பின்னர் பெற்றோர் வழக்காடினர். 1950 டிசம்பரில் தீர்ப்பு பெற்றோர் பக்கம் சாய்ந்தது. 11-ம் தேதி மூண்ட கலவரத்தில் 18 பேர் மாண்டனர். 173 பேர் காயமுற்றனர். பெற்றவளும் அழுதாள், வளர்த்தவளும் அழுதாள். ஆனால் வீதியில் மோதியவர்களுக்கு அச்சிறுமி ஒரு குழந்தையாகத் தோன்றவில்லை. ஒரு சமயத்தின் கொடியாகத் தோன்றினாள். அன்பு கேளாத கேள்வியை இனமும் சமயமும் முந்திக்கொண்டு கேட்டால் விளைவது இதுதான்.

ஓர் ஆசிரியரின் கடன்

பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த புதிதில் நானும் அக்கேள்வியைக் கேட்டவன். வகுப்பில் ஒரு சிறுவனின் கண்களைப் பார்த்து, "நீ சீனப் பிள்ளையா?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டேன். வகுப்பு சிரித்தது. மறுநாள் அவன் பாட்டி பள்ளிக்கு வந்தார். சீன முகம், வெளுத்த சேலை. "ஐயா, என்னைய எங்கம்மா ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லீங்க" என்றார். அவ்வளவுதான். பயிற்சிக் கல்லூரி கற்பிக்காத பாடத்தை அன்று கற்றேன்.

அன்பு கேளாததை அரசாங்கப் பத்திரம் கேட்கிறது. 1952-ல் தத்தெடுப்புச் சட்டமும் தத்துப் பதிவுச் சட்டமும் வந்தன. ஆனால் வாய்ச்சொல்லை நம்பிக் குழந்தையை ஏந்திய தோட்டத்து மக்களுள் பலர் பதிவு அலுவலகத்தின் படியேறவில்லை. பிறப்புப் பத்திரமின்றி வளர்ந்தவர்கள் அடையாள அட்டைக்கும் குடியுரிமைக்கும் அலைந்தனர். பத்திரமில்லாத வளர்ப்புப் பிள்ளைகள் இன்றும் பள்ளி வாயிலுக்கு வருகின்றனர்.

அவர்களைத் திருப்பியனுப்பாமல், வளர்ப்பவரின் கைபிடித்துப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துச் செல்வது ஆசிரியர் கடன். பாட்டிமார் வாழ்க்கையைக் கேட்டு எழுதிவைப்பது நம் அனைவர் கடன். அவர்களுள் எஞ்சியிருப்போர் எண்பதைக் கடந்தவர்கள், காலம் குறைவு. மண்ணெண்ணெய் விளக்கொளியில் ஓர் அந்நியக் குழந்தையின் முகத்தைப் பார்த்து, 'இது யார் பிள்ளை?' என்று கேளாமல், 'இது பசித்த பிள்ளை' என்று மட்டும் கண்ட தாய்மார் நம் முன்னோர். அவர்கள் பெயர் ஏட்டில் ஏற வேண்டும்.