படியும் கிலோவும்

நெல் அளப்பவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணமாட்டார். 'லாபம்' என்று தொடங்கி 'இரண்டு' என்று தொடர்வார். அளவையை நம் முன்னோர் அத்தனை மங்கலமாகக் கருதினர். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் மரக்காலுக்கும் பொன் நிறுக்கும் கல்லுக்கும் 'ஆடவல்லான்' என்ற இறைவன் பெயரே வழங்குகிறது.

ஆயினும் பெயரில் இருந்த புனிதம் எப்போதும் கையில் இருந்ததில்லை. ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி என வாய்பாடு ஒன்றுதான். படியின் கொள்ளளவோ ஊருக்கு ஊர் மாறியது. கோபுரமாகக் குவித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்பதை அளக்கும் கை தீர்மானித்தது. முத்திரையிட்ட மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்பது 1940களில் கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளரின் கோரிக்கைகளுள் ஒன்று. குறைந்த மரக்கால் அவர்களுக்குக் குறைந்த சோறு.

1956ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் மெட்ரிக் முறையை நாடெங்கும் பொதுவாக்கியது. அதுவரை படியில் அளந்து வாங்கிய அரிசி, 1960களில் தராசுக்கு மாறியது. கிலோவுக்கு ஊர் இல்லை, சாதி இல்லை, கைராசியும் இல்லை.

இழப்பும் உண்டு. கடைக்காரர் அள்ளிப் போடும் கொசுறு, உறையிட்ட பொட்டலத்தில் இல்லை. அந்தப் பரிவுக்காக ஏங்குவதில் தவறில்லை. ஆனால் கொசுறு கொடுப்பவரின் தயவு; சரியான எடை வாங்குபவரின் உரிமை. பழைய படியைப் போற்றும் நாம், அதைப் பிடித்திருந்த கையையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும்.