முப்பது ஆண்டுக் காவல்

நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியில், புதிய வகுப்பறைகள் கட்டுவதற்காகப் பழைய புளியந்தோப்பை வெட்டினோம். ஈடாக நூறு கன்றுகளை விழா எடுத்து நட்டோம். அடுத்த ஆண்டு அவற்றுள் எத்தனை பிழைத்தன என்று ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணும்படி சொல்லாதவனும் நானே. இலண்டன் மாநகரில் பார்ன்ஸ் என்னும் பகுதியின் வரலாற்றைப் படிக்குந்தோறும் அக்கன்றுகள் என் நினைவுக்கு வருகின்றன.

அங்கே, தேம்ஸ் ஆற்றின் வளைவில், விக்டோரியா அரசியார் காலத்தில் குடிநீருக்காக நான்கு நீர்த்தேக்கங்கள் அமைக்கப்பட்டன. பின்னர் நகரைச் சுற்றி நிலத்தடியில் பெருங்குழாய் இடப்பட்டதும் அவை தேவையற்றுப் போயின. இலண்டனில் நிலத்தின் விலையைச் சொல்லவும் வேண்டுமோ? ஆயினும், பறவையியல் அறிஞர் சர் பீட்டர் ஸ்காட் நிறுவிய அறக்கட்டளை, நீர் வழங்கும் நிறுவனத்தோடும் வீடு கட்டும் நிறுவனத்தோடும் உடன்பாடு கண்டது. ஒரு பகுதியில் வீடுகள் எழுந்தன. அவ்வருவாயின் துணையால் எஞ்சிய ஏறத்தாழ 105 ஏக்கர் ஈரநிலமாயிற்று. 2000ஆம் ஆண்டு மே மாதம் அது திறக்கப்பட்டது. 1989இல் மறைந்த ஸ்காட் அதனைக் காணவில்லை.

திறப்பு விழாவோடு வேலை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். நாணலை அதன் போக்கில் விட்டால், சருகு சேர்ந்து தரை மேடாகும், வில்லோ மரங்கள் முளைக்கும், ஈரநிலம் புதர்க்காடாகிவிடும். ஆகவே நாணலைப் பகுதி பகுதியாக அறுக்க வேண்டும். சேற்றில் இரை தேடும் பறவைகளுக்காக உரிய பருவத்தில் நீர்மட்டத்தைத் தாழ்த்த வேண்டும். புல் ஓங்காதிருக்க மாடுகளை மேய விடவேண்டும். இவற்றுள் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை எவ்வாறு அறிவது? ஆண்டு தவறாமல் பறவைகளை எண்ணித்தான்! கருவால் வாத்தும் தட்டைவாயனும் குளிர்காலத்தில் மிகுதியாகத் தங்குவது அவ்வாறு எண்ணித் தெரிந்ததே. 2002இல் அவ்விடம் சட்டப் பாதுகாப்புப் பெற்றதற்கு அதுவே காரணம். இவ்விரு வாத்துகளும் நம் தமிழ்நாட்டு ஏரிகளுக்கும் வருபவையே.

பார்ன்ஸில் மனமுவந்து செய்ததை இங்கிலாந்து பின்னர்ச் சட்டமாக்கியது. 2021ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டத்தின்படி, 2024 பிப்ரவரி 12 முதல், பெரிய கட்டுமானங்களை மேற்கொள்வோர் அங்கிருந்த இயற்கை வளத்தை முன்னிருந்ததைவிட 10 விழுக்காடேனும் பெருக்கிக் காட்டவேண்டும்; அதற்கென உருவாக்கும் முக்கிய வாழிடங்களைக் குறைந்தது 30 ஆண்டுகள் பேணி, கண்காணித்து, அறிக்கை தரவேண்டும். ஓக் மரத்தின் வாழ்நாளுக்கு முப்பது ஆண்டு சிறிதே; ஓர் ஆசிரியரின் பணிக்காலத்துக்கோ அது முழு அளவு. 2024இல் இசைவு பெற்ற மனையின் கணக்கு 2054க்கு முன் முடியாது. இன்று இதனைக் கேட்கும் நீங்கள் அப்போது நடுவயதினராக இருப்பீர்கள்.