ஈரோட்டில் எழுந்த வாரிசு வினா

கொங்கு நாட்டில் மனைவியை இழந்த ஒருவர் மறுமணம் பற்றி வாய் திறந்தால், உறவினர் உள்ளத்தில் முதலில் எழும் வினா மணமகளைப் பற்றியதன்று. தோட்டமும் துரவும் இனி யாருக்கு என்பதே. இதனைப் பேராசை என்று ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. மூத்தாள் பிள்ளைகளின் அச்சத்திற்கும் நியாயம் உண்டு. ஆயினும் இவ்வினா ஒரு வீட்டோடு நில்லாமல், ஒரு பேரியக்கத்தையே இரு கூறாக்கிய வரலாறும் கொங்கு மண்ணுக்கு உண்டு.

ஈரோட்டுச் செல்வக் குடும்பத்தில் 1879இல் பிறந்த பெரியார் ஈ.வெ. இராமசாமி, தம் துணைவியார் நாகம்மையாரை 1933இல் இழந்தார். அவர்களுக்குப் பிறந்த ஒரே குழந்தை சிசுப் பருவத்திலேயே மறைந்துவிட்டது. பதினாறு ஆண்டுகள் தனித்திருந்தவர், எழுபதை நெருங்கிய வேளையில், 1949 ஜூலை 9ஆம் நாள், வேலூரைச் சேர்ந்த மணியம்மையாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். மணமகள் 1920இல் பிறந்தவர். இயக்கத்தையும் அதன் சொத்தையும் காக்கச் சட்டப்படியான வாரிசு வேண்டும் என்பதே பெரியார் கூறிய காரணம்.

தொண்டர்கள் கொதித்தெழுந்தனர். பொருந்தா மணத்தைக் கண்டித்தவரே அதனைச் செய்வதா என்றனர். அண்ணா பிரிந்தார், செப்டம்பர் 17இல் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியது. பெரியாரின் தமையனார் மகன் ஈ.வெ.கி. சம்பத்தும் அண்ணாவுடனேயே சென்றார். பெற்ற பிள்ளை இல்லாத வீட்டில் தமையன் மகன் என்ன நிலையில் இருந்திருப்பார் என்பதை வாசகர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

மகளாக ஏற்றிருக்கலாமே என்று கேட்டவர் உண்டு. அன்றைய இந்துச் சட்டம் ஆண்மகவை மட்டுமே சுவீகாரம் எடுக்க இசைந்தது. பெண்ணையும் எடுக்கலாம் என்ற நிலை 1956இல்தான் வந்தது. அச்சட்டமும் பொதுவாகப் பதினைந்து வயது நிரம்பாதோரையே சுவீகரிக்க அனுமதித்தது.

சரி, மனைவியாக்கியதால் மட்டும் சொத்து முழுதும் அவரைச் சேர்ந்துவிடுமா? நம் கருத்தில் இங்கேதான் முடிச்சு உள்ளது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக் கைம்பெண்ணுக்கு வழங்கியது ஆயுட்கால அனுபவ உரிமையே. அவருக்குப் பின் சொத்து கணவனின் உறவினரிடமே திரும்பும். 1872ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்த இந்துக்களுக்கோ, 1923ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தியது. அதன்படி பிள்ளையற்றவரின் சொத்தில் மனைவிக்குப் பாதி, மறுபாதி இரத்த உறவினருக்கு. எவ்வழி நோக்கினும் உறவினரின் உரிமை முற்றிலும் அறவில்லை. உயிலோ அறக்கட்டளையோ இன்றி, திருமணம் மட்டும் அவ்வேலையை முடித்திராது. இத்தனை சீற்றத்திற்கிடையே இதனை எண்ணிப் பார்த்தோர் சிலரே போலும்.

அதே 1949இல் சென்னை மாகாணத்தில் மற்றொரு திருத்தமும் நிறைவேறியது. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கியிருந்தது. இத்திருத்தம் அதனையும் உள்ளே கொணர்ந்தது. கொங்கு நாட்டில் தோட்டம் வைத்திருந்த முஸ்லிம் குடும்பங்களுக்கு இது சிறு செய்தியன்று. கடனும், கொடுபடாத மஹரும் தீர்ந்த பின், இளையாள் தனியே மனைவியாயிருந்தால், பிள்ளைகள் உள்ளவிடத்து அவளுக்கு எட்டில் ஒன்று. இல்லையேல் நான்கில் ஒன்று. மூத்தாள் மக்களும் இளையாள் மக்களும் தந்தை சொத்தில் ஒரே தரத்தினர். மூத்தாளின் சொந்தச் சொத்தோ அவள் இறந்த அன்றே பங்காகிவிடுகிறது; அதில் தன் கால் பங்குக்கு மேல் தந்தை புது மனையாளுக்குக் கொண்டு செல்ல இயலாது. கைம்பெண் மறுமணம் செய்தாலும் முதற் கணவரிடம் பெற்ற பங்கை இழப்பதில்லை. 1856ஆம் ஆண்டின் விதவை மறுமணச் சட்டமோ, மணக்க அனுமதி தந்த கையோடு அப்பங்கைப் பறித்தது. எனினும், தந்தை உயிரோடிருக்கையில் முழுச் சொத்தையும் ஒருவருக்கே ஹிபாவாக எழுதிக் கொடுத்தால், இப்பங்கீடுகள் ஏட்டளவில் நின்றுவிடும். அக்குறையை நாம் மறைப்பதற்கில்லை.

ஈரோட்டு வினாவுக்கு விடை தந்தது ஓர் அறக்கட்டளை. 1952இல் பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் பதிவாயிற்று. பெரியார் 1973 டிசம்பர் 24இல் மறைந்தபோது மணியம்மையார் ஏற்றது திராவிடர் கழகத் தலைமையை. 1978இல் மறையும் வரை அப்பொறுப்பில் இருந்தார். சொத்து நிறுவனத்தின் பெயரிலேயே நின்றது.