காஞ்சிபுரம் பட்டு நெசவு: குழந்தை உழைப்பும் குடும்பநலக் கொள்கையும்

காஞ்சிபுரத்துத் தறிவீடுகளில் சிறுவர்கள் உதவியாளாக உழைத்த வழக்கத்தை ஒழிக்க 1930கள் தொட்டு எடுக்கப்பட்ட சட்ட, நலத்திட்ட முயற்சிகளின் வரலாறு. இங்கே வீடும் தொழிற்கூடமும் ஒன்றாக இருந்ததால், பிள்ளைகளைக் காக்க வந்த சட்டங்கள் பல காலம் வாசற்படியைத் தாண்டவில்லை.

தறியில் பிள்ளையின் இடம்

காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை. உடலும் இரு கரைகளும் வேறுவேறு நிறத்தில் அமைய மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளர் குழித்தறியில் ஒரு பக்கத்தைக் கவனிக்க, மறுபக்கக் கரையின் நாடாவை உதவியாள் பார்த்துக்கொள்வார். ஒவ்வொரு ஊடை இழைக்கும் இது நடந்தாக வேண்டும். உதவியாள் எழுந்து போனால் தறி நின்றுவிடும். குறைந்த கூலிக்குக் கிடைத்தார்கள் என்பதாலேயே அந்த இடத்தில் பிள்ளைகள் உட்கார்த்தப்பட்டார்கள். பெற்றோர் தறிக்காரரிடம் வாங்கிய முன்பணம் அடையும்வரை பிள்ளைக்கு மீட்சியில்லை. மருத்துவச் செலவோ கல்யாணமோ வந்தால் கடன் மேலும் ஏறும்.

சட்டங்களும் விதிவிலக்கும்

விட்லி தலைமையிலான தொழிலாளர் ஆணையம் 1931இல் அறிக்கை அளித்ததை அடுத்து, பிள்ளைகளின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தங்கள் செல்லாதென 1933ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்தது. 1938ஆம் ஆண்டுச் சட்டம் துணி நெசவுக் கூடங்களில் 12 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. ஆனால் குடும்பத்தாரை மட்டும் கொண்டு நடக்கும் கூடங்களை விட்டுவிட்டது. 1976இல் கொத்தடிமை முறை ஒழிக்கப்பட்டது. 14 வயதுக்குட்பட்டோருக்கான 1986ஆம் ஆண்டுச் சட்டத்திலும் குடும்ப விதிவிலக்கு தொடர்ந்தது. கூலிக்கு வந்த பிள்ளையையும் சொந்தக்காரப் பிள்ளை என்று காட்டித் தப்ப அது வழிவிட்டது. காஞ்சிபுரம் பட்டுத்தறிகளில் கடனுக்குக் கட்டுப்பட்ட பிள்ளைகள் இருப்பதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல்கூட அறிக்கையாக வெளியிட்டது.

பள்ளிக்கு இழுத்த திட்டங்கள்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் வீட்டில் ஒரு கூலி குறையும். தண்டனைக்கு அஞ்சுவதைவிட அந்த இழப்புக்கே குடும்பங்கள் அஞ்சின. காமராஜர் ஆட்சியின் மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் இந்த இடத்தைத் தொட்டன. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 1988இல் தொடங்கி, வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் நடத்தியது. காஞ்சிபுரத்தில் 2002இல் உருவான ஹேண்ட் இன் ஹேண்ட் தொண்டு நிறுவனம், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதோடு தாய்மார்களைச் சுயஉதவிக் குழுக்களில் திரட்டியது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

மாறிய பொருளாதாரம்

1991க்குப் பின் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரங்களில் கார், செல்போன் தொழிற்சாலைகள் எழுந்தன. படித்த பிள்ளைகள் மாதச் சம்பளத்தை நாடினார்கள். விசைத்தறிச் சேலைகளின் போட்டியும் தறியை விட்டு விலகத் தூண்டியது. உதவியாள் இடத்தில் இப்போது பல வீடுகளில் மனைவியே அமர்கிறார். கூலி சேலைக்கு இவ்வளவென்று கணக்கிடப்படுவதால் அவர் உழைப்புக்குத் தனிக் கூலி இல்லை. பெண்களின் கணக்கில் வராத உழைப்பை ஏற்கும் வகையில், மாதம் 1,000 ரூபாய் வழங்கும் கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம், 2023 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், அவர் பிறந்த காஞ்சிபுரத்திலேயே தொடங்கப்பட்டது.

இன்றைய நிலை

2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை எந்த வேலையிலும் அமர்த்துவதைத் தடுத்தாலும், பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவ இடம் தருகிறது. தறியும் வீடும் பிரியாத ஊரில் இந்த இடைவெளி ஆபத்தானது. நெசவாளருக்கும் உதவியாளுக்கும் சேர்த்துக் கட்டுப்படியாகும் கூலியும், முன்பணத்துக்கு மாற்றாகக் கூட்டுறவுக் கடனும் கிடைப்பதே பிள்ளைகளுக்கு உறுதியான காப்பு.